அம்பாசிடர் தண்ணீர் தள்ளுகிறதா? ஹெட்டைக் கழற்றும் முன் இந்த வரிசையில் பாருங்கள்

"அண்ணே, வண்டி தண்ணி தள்ளுது. ஹெட் கேஸ்கட் போயிருச்சுன்னு சொல்றாங்க." பழைய அம்பாசிடரோ பத்மினியோ புதிதாக வாங்கியவர்களிடமிருந்து எனக்கு அதிகமாக வரும் போன் இதுதான். (ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு.) நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: எப்போது தள்ளுகிறது? ஸ்டார்ட் பண்ணின உடனேயா, கூட்டத்தில் ஊர்ந்து போகும்போதா, வேகமாக ஓடும்போதா, ஓடி வந்து நிறுத்தின பிறகா? பெரும்பாலும் பதில் இருக்காது. தரையில் தண்ணீரைப் பார்த்திருப்பார்கள், அது வந்த நேரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ரேடியேட்டர் கழுத்திலிருந்து கீழே இறங்கும் சின்னக் குழாய் வழியாகத் தண்ணீர் வெளியேறக் காரணங்கள் பல உண்டு. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நேரத்தில்தான் தள்ளும். அந்த நேரத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. என் வண்டி 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடர், அதை வைத்தே சொல்கிறேன். மேல் டேங்கில் மூடி உள்ள பழைய ரேடியேட்டர் எந்த வண்டியில் இருந்தாலும் இதே வரிசை பொருந்தும்.

1. கையில் இருக்க வேண்டியவை

காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று, கட்டுக்கம்பி, மார்க்கர் பேனா, டார்ச், கொஞ்சம் கிரீஸ், பழைய துணி, இரண்டு வாளி, 100 டிகிரிக்கு மேல் காட்டும் தெர்மாமீட்டர், பத்து லிட்டர் பேட்டரி தண்ணீர். பாகம் எதையும் இப்போதே வாங்க வேண்டாம். காரணம் தெரியுமுன் வாங்கிய பாகம் பெரும்பாலும் அலமாரியில்தான் கிடக்கும்.

வண்டி இரவு முழுக்க நின்று ஆறியிருக்க வேண்டும். சில சோதனைகள் பச்சைக் குளிரில்தான் உண்மை சொல்லும். அதோடு, சூடான மூடியைத் திறப்பது உயிரோடு விளையாடுகிற காரியம். 7 பவுண்டு மூடி (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் வரை அடக்கி வைப்பது) போட்ட ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஏறக்குறைய 111 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விட்டுப்போகும், 100 டிகிரியைத் தாண்டிய தண்ணீர் ஒரே மூச்சில் கொதித்து மேலே பாயும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் தொடாதீர்கள். மெத்தென்று ஆன பிறகும் தடித்த துணி போட்டு, முதல் படி வரை மட்டும் திருப்பி, மூச்சு விடவைத்து, அப்புறம் முழுதாகத் திறங்கள்.

2. முதலில் மட்டத்தைச் சரி செய்யுங்கள்

புதியவர்கள் இடறுகிற முதல் இடம் இது. தினமும் காலையில் மூடியைத் திறப்பார்கள், தண்ணீர் கொஞ்சம் கீழே தெரியும், கழுத்து வரை ஊற்றி மூடுவார்கள். சாயங்காலம் வண்டிக்கு அடியில் ஈரம். மறுநாள் மறுபடி ஊற்றுவார்கள். இது நோயே இல்லை.

சூடானால் தண்ணீர் பருக்கும். எட்டு லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் சுமார் கால் லிட்டர் கூடும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகம். தனி பாட்டில் இல்லாத பழைய ரேடியேட்டரில் அந்தக் கால் லிட்டருக்கு இடம் மேல் டேங்கில்தான் இருக்க வேண்டும். கழுத்து வரை நிரப்பிவிட்டால் அது வெளியே போவதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஆகவே வண்டி ஆறிய பிறகு மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் குழாய் வாய்கள் வரிசையாகத் தெரியும். அவை முழுக்க மூழ்கி, அதற்கு மேல் ஒரு விரல்கடை தண்ணீர் நின்றால் போதும். கழுத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே சுமார் ஒரு அங்குலம் காலியாக விடுங்கள். மூன்று நாள் ஒரு சொட்டும் சேர்க்காமல் ஓட்டுங்கள், தினமும் ஆறிய பிறகு மட்டும் பாருங்கள். ஓர் இடத்தில் வந்து மட்டம் நின்றுவிட்டால் வேலை முடிந்தது, மீதிப் படிகள் உங்களுக்குத் தேவையில்லை. என்னிடம் வருபவர்களில் கணிசமானவர்கள் இங்கேயே நிம்மதியாகத் திரும்பிப் போகிறார்கள்.

3. பாட்டில் கட்டி அளந்து பாருங்கள்

மட்டம் நிற்காமல் இறங்கிக்கொண்டே போகிறதா? அப்படியானால் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகத்தான் போகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். காலி பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டு, குழாயின் முனையை அதற்குள் விட்டு, கம்பியால் கட்டிவிடுங்கள். காற்று போக இன்னொரு சிறு ஓட்டை வேண்டும். பாட்டிலில் நூறு மில்லிக்கு ஒரு கோடு போடுங்கள். பேன் இறக்கையிலிருந்தும் எக்ஸாஸ்ட் குழாயிலிருந்தும் தள்ளி இருக்கட்டும்.

பாட்டில் காலியாகவே இருந்து மட்டம் மட்டும் இறங்கினால் அது தள்ளல் அல்ல, கசிவு. வாட்டர் பம்ப் அடியிலுள்ள கசிவு ஓட்டை, ஹோஸ் கிளிப்கள், ரேடியேட்டர் ஈய ஒட்டு ஓரங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். கசிந்து காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு பொருக்குக் கோடு இறங்கியிருக்கும். வெளியே எதுவும் இல்லை, ஆனால் எஞ்சின் ஆயில் மோர் கலந்த மாதிரி வெளுத்திருக்கிறது என்றால் நேரே ஒன்பதாம் படிக்குப் போங்கள், வண்டியை ஓட்டாதீர்கள்.

4. எப்போது தள்ளுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி வரை போய்த் திரும்புகிற அளவு ஓட்டம் போதும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். கிளம்பி இரண்டு நிமிடத்தில் ஒரு முறை, ஊருக்குள் ஊர்ந்த பிறகு ஒரு முறை, நல்ல ரோட்டில் வேகமாகப் பத்து நிமிடம் போன பிறகு ஒரு முறை, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஒரு முறை என்று பாட்டிலையும் டெம்பரேச்சர் முள்ளையும் பார்த்து எழுதட்டும்.

குளிர்ந்த வண்டி ஸ்டார்ட் ஆகி ஓரிரு நிமிடத்துக்குள், முள் அசையும் முன்பே குமிழியோடு தள்ளினால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. ஹெட் கேஸ்கட் சந்தேகம் அதிகம் நியாயமாவது இந்த நேரத்தில்தான்.

ஊர்ந்து போகும்போது முள் ஏறி, அப்புறம் தள்ளினால் காற்று போதவில்லை. பாம்பன் ரோடு பாலத்தில் சுற்றுலா வண்டிகள் நடுவே நின்று நின்று போகும்போது தள்ளி, ரோடு விரிந்ததும் தானாக அடங்குகிற வண்டிகள் இந்த ரகம்.

வேகத்தில் தள்ளுகிறது, முள்ளோ ஓரளவு சரியாகவே நிற்கிறது என்றால் ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கின்றன. பம்ப் மேல் டேங்குக்குத் தள்ளுகிற வேகத்துக்குத் தண்ணீர் கீழே இறங்க முடியாமல், மூடியை மீறி வெளியேறும்.

ஓடும்போது ஒன்றுமில்லை, அணைத்த பிறகு தள்ளுகிறது என்றால் மூடி தளர்ந்திருக்கும், அல்லது சூட்டோடு சட்டென்று அணைக்கிற பழக்கம். பம்ப் நின்ற பிறகும் ஹெட்டில் உள்ள சூடு தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை விரட்டிக்கொண்டு போய், கடலைப் பார்த்த மகிழ்ச்சியில் உடனே சாவியைத் திருப்பினால் நல்ல வண்டியும் கொஞ்சம் கக்கும். ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மூடியைப் பாருங்கள்.

5. மூடியும் கழுத்தும்

எந்த நேரத்தில் தள்ளினாலும் முதலில் பார்க்க வேண்டியது மூடி. செலவு குறைவு, ஏமாற்றுவதில் முதலிடம். என் வண்டியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டைக் கழற்றி, பேஸிங் போட்டு (அடிப்பரப்பைச் சமமாகச் சீவி), புது கேஸ்கட் வைத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அதே குழாயில் அதே தண்ணீர். கடைசியில் பார்த்தால் மூடி குட்டை. கழுத்து ஒரு அங்குல ஆழம், மூடியோ முக்கால் அங்குலக் கழுத்துக்குச் செய்தது. திருப்பினால் இறுகுவது போலத்தான் இருந்தது. அடி ரப்பர் உள் விளிம்பைத் தொடவே இல்லை.

இதைக் கண்டுபிடிக்கக் கிரீஸ் போதும். மூடியின் அடி ரப்பரில் மெல்லிசாகத் தடவி, மூடி, இறுக்கி, திறங்கள். கழுத்துக்கு உள்ளே இருக்கும் விளிம்பில் அறுபடாத ஒரு முழு வட்டம் பதிந்திருக்க வேண்டும். பதியவே இல்லை என்றால் மூடி குட்டை. ஓரிடத்தில் மட்டும் விட்டுப்போயிருந்தால் விளிம்பு கோணல், அல்லது பழைய ஈயப் பொட்டோ உப்புப் பொருக்கோ ஒட்டியிருக்கிறது. விரல் நுனியை வைத்துச் சுற்றிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். மரக்குச்சியால் சுரண்டி, நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். துகள் டேங்குக்குள் விழாமல் கீழே துணி வையுங்கள்.

மூடியின் நடுவே தொங்கும் சின்ன வால்வையும் இழுத்து விடுங்கள். தானாகத் திரும்பி உட்கார வேண்டும். தண்ணீர் ஆறிச் சுருங்கும்போது காற்று உள்ளே போகிற வாசல் அது. அடைத்துக்கொண்டால் காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும்.

தள்ளலை நிறுத்துகிறேன் என்று அதிக பவுண்டு மூடி போடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய ரேடியேட்டர் பித்தளைத் தகட்டில் ஈயத்தால் ஒட்டியது. 7 பவுண்டுக்குச் செய்த டேங்கில் 13, 15 பவுண்டு மூடி போட்டால் ஒட்டு விடும், இல்லாவிட்டால் ஹோஸ் வெடிக்கும். மேனுவலில் உள்ள எண் எதுவோ அதே எண்.

6. பேன், பெல்ட், பின்கள்

ஊர்ந்து போகும்போது தள்ளுகிற வண்டிக்கு இந்தப் படி. பெல்ட்டின் நீளமான பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் அளவு அமுங்க வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் வழுக்கும், பேனும் பம்பும் சேர்ந்து மெதுவாகும். பேனைக் கழற்றி மாட்டியவர்கள் முன்பின்னாக மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஐடிலில் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு செய்தித்தாளைப் பிடியுங்கள். காற்று அதை உள்ளே இழுத்து ஒட்ட வைக்க வேண்டும்.

அடுத்தது பின்கள் (fins), அதாவது ரேடியேட்டர் குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தகடுகள். நம் கடற்கரையில் இதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போக முடியாது. உப்புக்காற்று குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய செம்புத் தகடுகளை உள்ளிருந்து தின்னும். முன்னாலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் ஒழுங்காகத்தான் தெரியும். நகத்தால் ஒரு பின்னை மெல்லத் தள்ளுங்கள். நல்ல செம்பு வளையும். உப்பேறியது பச்சைக் களிம்போடு பொரித்த அப்பளம் மாதிரி உதிரும். உதிர்ந்த தகடு குழாயைத் தொடாது, சூட்டைக் காற்றுக்குக் கொடுக்காது. பெரிய பரப்பில் இப்படி இருந்தால் எத்தனை முறை உள்ளே கழுவினாலும் பயனில்லை, கோர் (குழாய்களும் பின்களும் சேர்ந்த நடுப்பகுதி) மாற்றத்தான் வேண்டும். சும்மா மணலும் பூச்சியும் அடைத்திருந்தால் எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, குழாய்த் தண்ணீரை மெதுவாக அடித்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷ் வேண்டாம், பின்கள் மடங்கிவிடும்.

தனுஷ்கோடி போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் ரேடியேட்டர் முகத்தைக் கழுவிவிடுங்கள். இன்னொன்று: ஆடியில் கச்சான் காற்று வீசுகிற நாளில் ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் நோக்கிப் போகும்போது காற்று பின்னாலிருந்து சாய்வாக வரும். ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று குறையும், முள் கொஞ்சம் ஏறும். திரும்பி வரும்போது இறங்கிவிட்டால் அதைக் கோளாறாக எண்ண வேண்டாம்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஊர்வதில் சூடேறினால் இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள். ஸ்பார்க் தாமதமாக விழுந்தால் சூட்டில் கூடுதல் பங்கு தண்ணீருக்குப் போகும்.

7. தெர்மோஸ்டாட்

எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றித் தூக்கிப் போடுகிற வழக்கம் இங்கே அதிகம். அப்படிச் செய்தால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், ஆயில் கெடும், தேய்மானம் கூடும். அதோடு பம்பின் முழு வேகமும் மேல் டேங்கில் இறங்கி, பாதி அடைத்த ரேடியேட்டரில் தள்ளலை இன்னும் கூட்டும்.

சோதிப்பது சுலபம். கழற்றி, பாத்திரத் தண்ணீரில் அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். 82 என்று எழுதியிருந்தால் அந்த அளவில் திறக்கத் தொடங்கி, அடுத்த பதினைந்து டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும். பாதியில் நின்றால் புதிது போடுங்கள். மாட்டும்போது மெழுகு அடைத்த குமிழ்ப் பக்கம் எஞ்சினை நோக்கி இருக்கட்டும். காற்று போகும் சிறு ஓட்டை அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் நிரப்பும்போது காற்று கீழே சிக்கிக்கொள்ளும். அலுமினிய மூடியின் ஸ்டட்கள் துருவில் இறுகியிருக்கும். முந்தின நாளே துருநீக்கி ஊற்றி ஊறவிடுங்கள், அவசரப்பட்டு முறுக்கினால் ஒடியும்.

8. உள்ளே அடைப்பு

வேகத்தில் தள்ளுகிறவர்கள் இங்கே வரவேண்டும். ஆறிய வண்டியில் மட்டம் சரியாக வைத்து, மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து சூடேற விடுங்கள். முகத்தைத் தள்ளி வையுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் டேங்கில் ஓட்டம் தெரியும். இப்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுங்கள். நல்ல ரேடியேட்டரில் மட்டம் பெரிதாக ஏறாது. ரெய்ஸ் பண்ணப் பண்ணத் தண்ணீர் பொங்கி வழிந்தால் குழாய்கள் அடைப்பு. அதே நேரம் கீழ் ஹோஸையும் பாருங்கள். அது சப்பிக்கொண்டால் ஹோஸ் தளர்ந்திருக்கிறது, அல்லது உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங் இல்லை.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஊற்றிய தண்ணீர்தான். நம் கடலோரத்தில் போர் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் பல இடங்களில் உப்பு. தண்ணீர் கொதிக்கிற குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் பிளாக்குக்குள்ளும் படிகிறது. உப்பு இரும்பையும் அரிக்கும், அந்தத் துருச்சேறு வந்து குழாய்களில் சேரும். வழியில் தவித்தால் எந்தத் தண்ணீரையும் ஊற்றுங்கள், எஞ்சினைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதை இறக்கிவிடுங்கள். கசிவை அடைக்க மஞ்சள் பொடி போடுவதும் அப்படியே. அன்றைக்குக் காப்பாற்றும், பிறகு நல்ல குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

கழுவும்போது ரேடியேட்டர் அடிக் குழாயை மட்டும் திறந்து நிறுத்திவிடாதீர்கள். பிளாக்கின் பக்கவாட்டிலும் ஒரு வடிகுழாய் உண்டு. திறந்தால் ஒன்றும் வராது. காலி என்று அர்த்தமில்லை, துரு அடைத்திருக்கிறது. குழாயைக் கழற்றி ஓட்டைக்குள் கம்பி விட்டுக் குத்துங்கள், மீன்குழம்பு நிறத்தில் சேறு இறங்கும். ரேடியேட்டரைக் கழற்றி, கீழ் வாயிலிருந்து மேலாகத் தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவுங்கள். தெளிந்து வந்த பிறகும் மேலே சொன்ன சோதனையில் பொங்கினால், ரேடியேட்டர் வேலை செய்பவரிடம் கொடுத்து டேங்கைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

பழைய கூலன்ட்டை வாசலில் ஊற்றாதீர்கள். அதன் இனிப்புக்கு நாயும் ஆடும் நக்கும், அது விஷம்.

9. ஹெட் கேஸ்கட்: சந்தேகத்தை உறுதியாக்குங்கள்

பச்சைக் குளிரில் பேன் பெல்ட்டைக் கழற்றுங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாது. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு அதன் மூடியை மாட்டி, கழுத்து வரை நிரப்புங்கள். ஸ்டார்ட் செய்து, சற்று ரெய்ஸ் பண்ணி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிட வேண்டாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து நின்றுவிட்டால் சிக்கிய காற்று. சீராக, நிற்காமல் குமிழி வந்தால் எரிந்த வாயு.

பிளக்குகளையும் கழற்றுங்கள். மூன்று பழுப்பு நிறத்தில் இருக்க, ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல் இருந்தால் அந்த சிலிண்டரில் தண்ணீர் புகுகிறது. நீல மருந்துச் சோதனைக் குழாய் கிடைத்தால் அதையும் பாருங்கள், ரேடியேட்டர் ஆவியில் எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். இவற்றில் குறைந்தது இரண்டு ஒத்து வந்தால் மட்டும் ஹெட்டைத் தொடுங்கள். கழற்றினால் ஸ்கேல் வைத்து மட்டம் பார்க்காமலும், விரிசல் பார்க்காமலும் மாட்டக் கூடாது. நட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மேனுவலில் உள்ள வரிசையில், டார்க் ரெஞ்ச் வைத்துப் படிப்படியாக இறுக்க வேண்டும்.

10. தனி பாட்டில் பொருத்துவதென்றால்

எல்லாக் கோளாறும் தீர்ந்த பிறகுதான் இது. தீராத வண்டியில் மாட்டினால் கோளாறு பாட்டிலுக்குள் மறைந்துகொள்ளும். குழாய் பாட்டிலின் அடிவரை போக வேண்டும், எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். பாட்டிலுக்குக் காற்று ஓட்டை வேண்டும். பழைய மூடி இதற்கு உதவாது, மேல் விளிம்பிலும் ரப்பர் உள்ள மூடி வேண்டும். அந்த மேல் ரப்பர் இல்லாவிட்டால் ஆறும்போது ரேடியேட்டர் பாட்டிலிலிருந்து தண்ணீரை உறிஞ்சாமல் மூடி ஓரமாகக் காற்றை உறிஞ்சிவிடும். பாட்டில் நிறைந்துகொண்டே போகும், ரேடியேட்டர் குறைந்துகொண்டே போகும். பாட்டில் பொருத்திய பிறகு ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பலாம், பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு.

11. திரும்ப நிரப்புவது

பேட்டரி தண்ணீரும் கூலன்ட்டும் மட்டும். டப்பாவில் போட்ட விகிதத்தில் வாளியில் கலந்து, பிறகு ஊற்றுங்கள். செம்பு, பித்தளை, ஈய ஒட்டுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை, நமக்கு வேண்டியது அதிலுள்ள துருத்தடுப்பு மருந்து. ரெடிமேடாகக் கலந்து வருவதில் மறுபடி தண்ணீர் சேர்க்கக் கூடாது.

வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்கட்டும். மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள், காற்று குமிழியாக வரும். மூடியைத் திறந்தே ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் சட்டென்று இறங்கும் வரை காத்திருந்து, குறைந்ததைச் சேர்த்து மூடுங்கள். எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதி வையுங்கள். மேனுவல் அளவைவிட ஒரு லிட்டருக்கு மேல் குறைந்தால் உள்ளே காற்றோ பழைய தண்ணீரோ மீதி இருக்கிறது.

மூன்றாம் படியில் கட்டிய பாட்டிலை உடனே அவிழ்க்க வேண்டாம். இன்னும் ஒரு வாரம் ஓட்டி, தினமும் காலையில் மட்டத்தையும் பாட்டிலையும் பார்த்து, இரண்டும் அசையாமல் இருந்தால் அப்புறம் அவிழுங்கள்.